செவலைக்கு வளைகாப்பு

சின்னக் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பங்களாவின் புது முதலாளியம்மா கேட்டபோது, யோசிக்காமல் கையைத் தூக்கியவள் நான். அதுவரை நான் கிட்டே போய்ப் பார்த்த ஒரே குதிரை எங்கள் எஸ்டேட் முனீஸ்வரர் கோவில் வாசலில் நிற்கும் சிமெண்டுக் குதிரைதான். அது இன்றுவரை என்னிடம் சாப்பிட எதுவும் கேட்டதில்லை.

எங்கள் எஸ்டேட் மலேசியாவில், சி ரூசா கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தொழிலாளர் லயங்களை இடித்து எங்களையெல்லாம் பக்கத்தில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் குடிவைத்து வருடங்கள் ஆகிவிட்டன. தொரை பங்களா மட்டும் இடிபடாமல் நின்றது. சிரம்பானிலிருந்து வந்த சீன அம்மாள் ஒருவர் அதை வாங்கி, கடலுக்கு வரும் குடும்பங்கள் தங்கிப்போகிற இடமாக மாற்றினார். பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள இடுப்புயரக் குதிரைகளையும் வரவழைத்தார். குட்டியென்று நினைத்துவிடாதீர்கள். வளர்ந்து முடிந்த குதிரைகளே அவ்வளவு உயரம்தான்.

"குதிரை வளர்த்திருக்கிறாயா?" என்று மலாயில் கேட்டார் முதலாளியம்மா.

"பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன்" என்றேன். பொய்யில்லை. எஸ்டேட் ஆயாக்கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் ஆயாவாக இருந்தவள் நான். விடியற்காலையில் ரப்பர் பால்மரம் வெட்டப் போகிற தாய்மார்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் அவர்கள் திரும்பி வரும்போது பிள்ளையின் வயிற்றில் தட்டினால் தவில் சத்தம் கேட்க வேண்டும். அதுதான் என் வேலையின் தரம். என் கையில் ஒரு பிள்ளையும் மெலிந்ததில்லை என்று இப்போதும் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொள்வேன். கேட்கிறவர் அதற்குள் ஓடியிருக்காவிட்டால்.

முதலில் வந்தவை இரண்டு. ஒன்று செவலை நிறப் பெண்குதிரை. அதைச் செவலை என்றே கூப்பிட்டேன். இன்னொன்று பல் போன கிழட்டுக் குதிரை. வயதுக்கு மரியாதை கொடுத்து அவரைப் பெரியவர் என்றேன். பிறகு, தாயை விட்டுப் பிரித்த ஆறு மாதக் குட்டி ஒன்று வந்தது. அவன் பொடியன்.

ஜொகூரிலிருந்து லோரியில் குதிரைகளைக் கொண்டுவந்த மலாய்க்காரர் பொறுமையான மனிதர். அரைமணி நேரம் நின்று சொல்லிக்கொடுத்தார். காய்ந்த புல்லை நிறுத்துத்தான் போட வேண்டும். குட்டிக்கு இவ்வளவு, பெரியதற்கு இவ்வளவு, கிழத்துக்குத் தீவனத்தை ஊறவைத்து இவ்வளவு. சோறு கூடாது, ரொட்டி கூடாது, இனிப்புக் கிட்டவே வரக்கூடாது. இந்த ஜாதிக்கு மூச்சு விட்டாலே சதை போடும் என்றார். கொக்கியோடு ஒரு தராசையும் குதிரைக் கொட்டகைத் தூணில் மாட்டிவிட்டுப் போனார். நானும் தலையைத் தலையை ஆட்டினேன். அவருடைய லோரி கேட்டைத் தாண்டியதும் தராசுக் கொக்கியில் என் குடையை மாட்டினேன். நல்ல தோதாக இருந்தது.

அவர் சொன்ன அளவில் எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. ஒரு கை புல்லை வைத்துக்கொண்டு ஒரு ஜீவன் எப்படி வாழும்? ஆம்பளைகள் சொல்கிற அளவெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆயாக்கொட்டகையில் எனக்கு ஒரு முறை இருந்தது. பல் முளைக்கிற பிள்ளைக்கு ஒன்று, தவழ்கிற பிள்ளைக்கு ஒன்று, ஓடுகிற பிள்ளைக்கு ஒன்று. அதையே இங்கேயும் கொண்டுவந்தேன்.

பொடியனுக்கு வளர்கிற வயது. கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வெல்லம் போட்டுக் கொடுத்தேன். நக்கித் தீர்த்தான். அவித்த முட்டை கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையை என் மருமகளிடம் முன்பே பார்த்திருக்கிறேன். முட்டையை நானே சாப்பிட்டேன்.

பெரியவருக்கு, உருண்டைத் தீவனத்தைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கஞ்சியாக்கி ஒரு நாளைக்கு நான்கு வேளை ஊட்டினேன். பல் இல்லாதவருக்கு வேறு என்ன கொடுப்பது? இந்த ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன் என்று பிற்பாடு தெரியவந்தது. தெரிந்து செய்யவில்லை. இருந்தாலும் அந்தப் புகழை விட்டுக்கொடுக்கிற உத்தேசம் எனக்கில்லை.

செவலைக்குத்தான் கொள்ளு. தமிழ் பேசுகிறவளுக்குக் குதிரை கொள்ளுத் தின்னும் என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா? போர்ட்டிக்சன் மளிகைக் கடையில் மூட்டையாகவே வாங்கிவந்து ஊறவைத்து, அவித்து, தவிட்டோடும் வெல்லத்தோடும் பிசைந்து வைத்தேன். வாழைப்பழமும், மிலோவில் நனைத்த ரொட்டி ஓரங்களும் இடைத்தீனி. செவலை என்னைக் கண்டாலே கனைக்கும். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். சொந்த மகன் சிங்கப்பூரிலிருந்து வாரம் ஒருமுறை போன் பண்ணி, "சாப்பிட்டாச்சுமா, வைக்கிறேன்மா" என்று முடித்துவிடுகிறான். இது ஒரு நாளைக்கு ஆறு தடவை கனைத்தது.

என் வீட்டுக்காரரும் தினமும் கொட்டகைக்கு வருவார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இடது காலில் இரண்டு விரலை எடுத்த பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் காலைப் பசியாறலைத் தூக்குச்சட்டியில் அங்கேயே கொண்டுபோய்விடுவேன். மூன்று பேருக்கு நான்காவதாக அவரும் ஒருவர் என்று கேலி செய்வேன்.

ஒரு வருடம் தாண்டியது. செவலைக்கு வயிறு இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு வந்தது. நடை மந்தமாகியது. எந்நேரமும் படுக்கை. பொடியன் கிட்டே வந்தால் சிடுசிடுப்பு. சுவர் ஓரத்து மண்ணை ஒருநாள் நக்கியதையும் பார்த்தேன். அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

"மாசமா இருக்கு" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் செவலையைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார். "அப்பன் யாருலா? அவருக்குக் காயடிச்சிருக்குன்னு கொண்டாந்தவன் சொன்னானே. பொடியன் பச்சப்புள்ள."

"வர்றப்பவே சுமந்துகிட்டு வந்திருக்கும். முகத்தப் பாருங்க, களை தெரியுதில்ல."

"அது சோத்துக் களை" என்றார். ஆம்பளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

தாமானில் சேதி பரவிவிட்டது. பரப்பியதும் நானேதான். பக்கத்து வீட்டுக் கிறிஸ்துவ அக்கா பார்க்க வந்து, செவலையின் வயிற்றில் கைவைத்து, "ஆண்டவர் நெனச்சா தொண்ணூறு வயசிலயும் குடுப்பாரு" என்று சொல்லிப் போனார். எங்கள் தாமானில் நல்லது நடந்து நாளாகியிருந்தது. பிள்ளைகளெல்லாம் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பெற்று, அங்கேயே மண்டபம் எடுத்து வளைகாப்பு நடத்திவிட்டுப் படம் அனுப்புகிறார்கள். எங்களுக்குக் கை நமநமவென்று இருந்தது. கடைசியில் யார் முதலில் சொன்னது என்று இப்போது ஒருத்தரும் ஒத்துக்கொள்வதில்லை. நான்தான் சொன்னேன்.

விருந்தாளி இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை காலை. முதலாளியம்மா சிரம்பானில். ஆறு பெண்கள் சேர்ந்து செவலைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, முகக்கயிற்றில் ஒரு டஜன் கண்ணாடி வளையல்களைக் கோத்துக் கட்டினோம். ஏழு வகைச் சோறு கட்டினோம். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், எள்ளு, தக்காளி, நெய் ஒழுகுகிற சர்க்கரைப் பொங்கல். எலுமிச்சையில் மட்டும் பச்சைமிளகாய் போடவில்லை. மாசமா இருக்கிறவளுக்கு நெஞ்சு கரிக்குமே. அவ்வளவு முன்யோசனை எனக்கு. சர்க்கரைப் பொங்கலை முதலில் வைத்தேன். செவலை சட்டியோடு தின்றது. மற்றதையும் பெரும்பாலும் முடித்துவிட்டது. நாங்கள் சுற்றி நின்று கைதட்டினோம். எனக்குக் கண் கலங்கியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது செவலை கனைக்கவில்லை.

கொட்டகையின் மூலையில் நின்றது. முன்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்காலில் போட்டு, ஆணியைப் போல ஒரே இடத்தில் நின்றது. வாவென்று வாழைப்பழத்தைக் காட்டினேன். ஓரடி எடுத்து வைத்தது, உடனே உடம்பு முழுக்க நடுங்கியது. குளம்பைத் தொட்டேன். அடுப்பங்கரைச் சட்டிச் சூடு. வலி எடுத்துவிட்டது, இன்றைக்கே ஈன்றுவிடும் என்று நினைத்துச் சுடுதண்ணீர் வைக்க ஓடினேன். அந்த நிலையிலும் என் மடமை என்னைக் கைவிடவில்லை.

முதலாளியம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் மிருக டாக்டரை அனுப்பினார். சிரம்பான் ரஹாங்கிலிருந்து வந்தவள் ஒரு தமிழ்ப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. முதலில் முகக்கயிற்றில் இருந்த வளையல்களைப் பார்த்தாள். காலைப் பிடித்துப் பார்த்தாள். கையோடு கொண்டுவந்த ஸ்கேன் பெட்டியை வயிற்றில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆன்டி, இது எப்ப இங்க வந்துச்சு?"

"பதினாறு மாசம் ஆச்சுமா."

"குதிரை பதினோரு மாசந்தான் சுமக்கும், ஆன்டி. வயித்துல ஒண்ணுமில்ல. எல்லாம் கொழுப்பு."

கொழுப்புக்கு வளைகாப்பு நடத்திய பெண்மணி இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதை நினைத்து வெட்கப்படக்கூட அவள் நேரம் கொடுக்கவில்லை. "ரெண்டு மூணு நாளா என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேட்டாள்.

"புல்லுதான்மா" என்றேன்.

நாற்காலியிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. "புல்லு. தெனமும் ரெண்டு வேளை கொள்ளு. வெல்லம். வாழப்பழம். மிலோ ரொட்டி. வெள்ளிக்கிழம ஏழு வகச் சோறு."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாக விளக்கினாள். இந்தச் சின்ன உடம்புக்கு அவ்வளவு மாவையும் சர்க்கரையையும் தாங்க முடியாது. உண்மையாகவே சினையாக இருந்தாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் தீனியைக் கூட்ட வேண்டும், அதுவும் கொஞ்சம். குட்டிக்குக் கண்டபடி கொடுத்தால் எலும்பு கோணும். வளர்ந்ததற்குக் கண்டபடி கொடுத்தால் இப்படி ஆகும். "சர்க்கரை கூடிப்போயி அது காலைப் பிடிச்சிருச்சு, ஆன்டி. குளம்புக்குள்ள எலும்பைத் தாங்குற சதை வீங்கிடுச்சு. எலும்பு எறங்கிடுச்சுன்னா இது மறுபடி நிக்காது. அப்ப ஊசி போட்டுக் கண்ண மூட வச்சிடுறதுதான் நல்லது. ரெண்டு வாரம் பாப்போம்."

சர்க்கரை கூடிக் காலைப் பிடித்தது. இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்பும் ஒரு டாக்டர் வாயால் கேட்டிருக்கிறேன். நாற்காலியின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

"அப்ப இனிமே ஒண்ணுமே குடுக்கல" என்றேன். "பட்டினி போட்டுடுறேன்."

"ஐயோ, அதுவும் கூடாது" என்றாள். இந்தக் குட்டை ஜாதி கொழுத்திருக்கும்போது திடீரென்று பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ரத்தத்தில் இறங்கி ஆளையே முடித்துவிடுமாம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. புல்லை எடைபோட்டு, தண்ணீரில் ஊறவைத்து இனிப்பைக் கழுவி, வேளை தவறாமல் போட வேண்டும். என் குடையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தத் தராசுக் கொக்கியில் ஒரு புல்லுக்கட்டை மாட்டிக் காட்டினாள்.

முதலாளியம்மாவிடம் நானே சொன்னேன். வளைகாப்பையும் சேர்த்தே சொன்னேன். வளைகாப்பை மலாயில் விளக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அவர் கடைசிவரை கேட்டார். "அது எழுந்து நடக்கும்வரை நீ இங்கேயே இரு. அப்புறம் பேசலாம்" என்றார்.

பதின்மூன்று நாள். மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் மூட்டை வாங்கிவந்து வாளிகளில் கொட்டி, செவலையின் முன்கால்களை அதில் நிறுத்திவைத்தேன். படுக்க மணலும் மரத்தூளும் கனமாகப் பரப்பினேன். மருந்து கொடுத்தேன். இதெல்லாம் பெரிய கஷ்டமில்லை. புல்லை நிறுப்பதுதான் கஷ்டம். ஆயுசில் நான் எதையும் அளந்து போட்டதில்லை. என் கைதான் படி, என் மனசுதான் தராசு. முள் சரியான இடத்தில் நின்ற பிறகும் என் கை தன்னால் இன்னும் ஒரு பிடி புல்லை எடுக்கும். அதைத் திரும்ப வைப்பேன். மறுபடி எடுக்கும். நான்காம் நாள் செவலை லேசாகக் கனைத்தது. பசிக் கனைப்பு. நான் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று காதைப் பொத்திக்கொண்டேன்.

அங்கே நின்றபோதுதான் எல்லாம் மேலே வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டு அட்டையை நான் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்தது. ஒரு கப் சோறு என்று அதில் எழுதியிருந்ததை, அந்த நர்ஸ் பொண்ணுக்கு ஆம்பளைக்குச் சமைத்துப் பழக்கமில்லை என்று நான் கேலி பேசியது. முதல் விரலை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றே, உடம்பு தேற வேண்டும் என்று பாயசம் வைத்தது. இரண்டாவது விரல் போனது அதற்கு ஏழு மாதம் கழித்து. அவருக்கு வியாதி வந்தது விதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விதி என் கரண்டியில் இருந்தது. குதிரைக்குச் செய்ததை முதலில் மனுஷனுக்குச் செய்திருக்கிறேன். இதை எழுதுவதற்கே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பதின்மூன்றாம் நாள் டாக்டர் பெண் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். எலும்பு இறங்கவில்லை. கயிற்றைப் பிடித்து என்னிடம் கொடுத்து, "கூப்பிடுங்க ஆன்டி, கையில ஒண்ணும் வச்சுக்காம கூப்பிடுங்க" என்றாள். வெறுங்கையோடு நான் எந்த ஜீவனையும் கூப்பிட்டதில்லை. வராது என்றே நினைத்தேன். செவலை மணலில் ஒவ்வொரு அடியாக வைத்து எட்டு அடி வந்து, என் வெறுங்கையை முகர்ந்துவிட்டு அங்கேயே நின்றது. இனி இதன் கால் எப்போதும் பலவீனமானதுதான், ஒரு வாழைப்பழம்கூட ஆகாது என்றாள் டாக்டர். முதலாளியம்மா என்னைப் போகச் சொல்லவில்லை. கொள்ளு மூட்டையை மட்டும் போகச் சொன்னார்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து கப்பில் அளந்து சோறு வைத்தேன். அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் சட்டியையும் கரண்டியையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தட்டில் சோறு குறையக் குறையக் கரண்டி தன்னால் சட்டிக்குள் போகப் பார்த்தது. பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"நான்தான் அறிவில்லாம போட்டுகிட்டே இருந்தேன். நீங்களாவது ஒரு நாளு போதும்னு சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"போதும்னு சொன்னா நீ சட்டியத் தூக்கிகிட்டுப் போயிடுவ. சோறு போடுறப்ப மட்டுந்தானே என் பக்கத்துல நிக்கிற."

நாற்பது வருடக் குடித்தனம். காலையில் ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள், மாலையில் சொந்தப் பிள்ளைகள், அப்புறம் கோவில், கல்யாண வீடு, கருமாதி வீடு, குதிரை. ஊரில் எல்லோருக்கும் பந்தி பரிமாறியிருக்கிறேன். இந்த மனிதர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்த ஒரு நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

சட்டியைக் கொண்டுபோய் அடுப்பு மேல் வைத்தேன். மூடினேன். திரும்பி வந்து எதிரே இருந்த நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். அவர் மீதிச் சோற்றை ஒவ்வொரு பருக்கையாக, வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டார். முடித்து எழுந்துபோய்க் கை கழுவினார். நான் எழுந்திருக்கவில்லை. அவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்.